வானக்கோட்டையில் இனி எல்லாம் இலவசம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. பல்லைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதருக்கு இது எவ்வளவு கஷ்டமான அறிவுரை என்று அதைச் சொல்லி வைத்தவர்கள் யோசிக்கவில்லை.

நம் ஆள் பல் டாக்டர் அல்ல. பல்செட்டுக்காரர். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அரம் போட்டு, மெருகேற்றிக் கொடுப்பது இவர் வேலை. சந்தைத் தெருவில் மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவருடைய பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மூன்று அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் தாடைகள். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அவருக்கு ஆள் அடையாளம் தெரியாது. கொட்டாவி விட்டால் தெரிந்துவிடும்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றடித்ததும் பல்லையெல்லாம் மேஜையின் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வானக்கோட்டைக்குள் போய்விடுவார். வானக்கோட்டை என்பது உலகத்தில் பல ஊர்களிலிருந்து பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. மாதச் சந்தா கட்டினால் போதும். மலை உச்சியில் ஒரு கோட்டை, அதைச் சுற்றிக் காடு, காட்டில் டிராகன், எல்லாம் உங்களுக்கு. பல்செட்டுக்காரர் அங்கே இரும்புக் கவசம் போட்ட வீரர். ஒன்பது வருஷமாக வீரர்.

டிராகனை வெட்டுவதில் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அவர் போவது அக்காவோடு பேச.

அக்கா வேறொரு ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அக்காவும் தம்பியும் போனில் பேச உட்கார்ந்தால், "சாப்பிட்டியா?" என்பாள் அவள். "ஆச்சு, நீ?" என்பார் இவர். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கும். ஆனால் வானக்கோட்டையில் அக்கா கையில் கோடரியோடு ஏழடி உயரத்துக்கு நிற்கும்போது பேச்சு எங்கிருந்துதான் வருமோ, கொட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் அவர்கள் அழுதது கோட்டையின் வடக்குக் கோபுரத்தில்தான். பல்செட்டுக்காரருக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது, "இந்தப் பொண்ணையே கட்டிக்கோடா" என்று அக்கா சொன்னதும் ஓர் ஓநாயின் வயிற்றில் கோடரியை இறக்கிக்கொண்டேதான்.

இவர்களோடு சேர்ந்துகொண்ட மூன்றாவது ஆள் ஒரு தபால்காரர். நீலத் தாடி வைத்த மந்திரவாதியாக வருவார். அவர் எந்த ஊர், என்ன முகம், ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவருக்கு முதுகு வலி வந்தால் இவர்களுக்குக் கவலை வந்துவிடும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

"அன்புள்ள வீரரே! இத்தனை ஆண்டுகளாக மாதந்தோறும் உங்களிடம் சந்தா வாங்கி வந்ததை நினைத்தால் எங்கள் நெஞ்சு கனக்கிறது. இந்தப் பாவத்தை இனியும் சுமக்க நாங்கள் தயாராக இல்லை. இன்று முதல் வானக்கோட்டை இலவசம். முற்றிலும் இலவசம். இப்படிக்கு, வீரர் மகிழ்ச்சித் துறை."

அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது. பல்லில் கீறல் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துப் படித்தார். "இலவசம் என்ற சொல்லின் பொருள் அவ்வப்போது மாறுதலுக்கு உட்பட்டது."

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "சும்மாவே கொடுத்துட்டா அவங்க எதை வச்சுச் சாப்பிடுவாங்க?"

"பெரிய கம்பெனி. மனசுன்னு ஒண்ணு இருக்காதா?"

"மனசுக்குத் தனியா ஒரு துறை வச்சிருக்காங்கன்னா, மத்த துறையில அது இல்லன்னுதானே அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பது வருஷமாக ஆவென்று திறந்து கிடந்த கோட்டை வாசலில் புதிதாக ஒரு கதவு போட்டிருந்தார்கள். கதவுக்கு முன்னால் ஒரு காவலன்.

"வருக வீரரே! கோட்டைக்குள் நுழைவது இலவசம். கதவைத் திறக்க மட்டும் மூன்று மணி."

பல்செட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிதானே ஆகுது?"

"நன்றி. எடுத்துக்கொண்டோம்" என்றான் காவலன். கதவு திறந்தது. திரையின் மூலையில் பத்து என்று இருந்த எண் ஏழாயிற்று.

மணி என்பது நீல நிறத்தில் மின்னும் ஒரு கல் என்பதும், வானக்கோட்டையில் இனி அதுதான் காசு என்பதும், ஆளுக்குப் பத்து மணியை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும், அது தீர்ந்தால் வங்கி அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்கு உள்ளே போன பிறகுதான் புரிந்தது. நேரத்தைக் குறிக்கும் சொல்லையே பணத்துக்கு வைத்ததால் முதல் வாரம் பெரிய குழப்பம். "அஞ்சு மணிக்கு டிராகன்கிட்ட வந்துடுங்க" என்று யாரோ சொல்ல, "இவ்வளவு விலையா?" என்று நூறு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே அக்கா வெறுங்காலோடு நின்றிருந்தாள். காலுக்கடியில் நிழல் இல்லை.

"அக்கா, உன் நிழல் எங்கே?"

"வாங்கணுமாம்" என்றாள் அக்கா. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது சொல்தான் இலவசம் என்பது அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. காவலனைத் திட்டியதில் பன்னிரண்டு போய்விட்டது. அதனால் தந்தி அடிப்பதுபோலப் பேசினாள். "கோடரி என்னுது. தூக்கினா காசு. தம்பி, அத்தானுக்கு நெஞ்சுல"

அவ்வளவுதான். அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பல்செட்டுக்காரரின் திரையில் பூப்போட்ட பெட்டி ஒன்று மலர்ந்தது. "உங்கள் தோழிக்கு இன்னும் சொல்ல இருக்கிறது! அடுத்த இரண்டு சொற்களைக் கேட்க: இரண்டு மணி."

அழுத்தினார்.

"ஆபரேஷன் பண்ணணும்னு"

அழுத்தினார்.

"சொன்ன டாக்டரே"

அழுத்தினார்.

"இப்ப அதெல்லாம்"

கையில் ஒரு மணிதான் மிச்சம். அட்டையை எடுக்க ஓடினார். மனைவியின் பை, அலமாரி, சட்டைப்பை எல்லாம் தேடி, கடைசியில் அட்டையைக் கண்டுபிடித்து, பதினாறு எண்ணையும் அடித்து, இருபது மணி வாங்கி அழுத்தினார்.

"வேண்டாம்னு சொல்லிட்டாரு."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நம் மொழியில் உண்டா இல்லையா என்பது வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அதை நன்றாகப் படித்திருந்தார்கள்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசம் இன்னும் பெருகியது. உட்காருவதற்கு ஒரு மணி. எழுந்திருப்பதற்கு இரண்டு; எப்படியும் உட்கார்ந்தவன் எழுந்தாக வேண்டுமே. அதிர்ஷ்டப் பெட்டி என்று ஒன்று விற்றார்கள். திறந்தால் புதையல் என்றார்கள். தபால்காரர் பதினோரு பெட்டி திறந்தார். பதினொன்றிலும் ஜோடு வந்தது, எல்லாம் இடது காலுக்கு. வலது கால் ஜோடு அபூர்வப் பொருளாம். லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம்.

"நான் தினமும் முந்நூறு வீட்டுப் படி ஏறி இறங்குறவன் அண்ணே" என்றார் தபால்காரர், ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே. "எனக்கு ஒரு கால் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க." இத்தோடு அன்றைக்கு அவருடைய சொற்களில் பாதிக்கு மேல் தீர்ந்தது.

டிராகனும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அது நேர்மையான மிருகம், பார்த்தால் எரிக்கும். இப்போது சண்டையின் நடுவே வாயைத் திறந்து, நெருப்பைத் தொண்டையிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, "உங்கள் மெத்தை உங்கள் முதுகுக்கு ஏற்றதுதானா?" என்று கனிவாக விசாரித்தது. முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எரித்தது. செத்துப்போவது இலவசம், அந்த விஷயத்தில் கம்பெனி தாராளம். பிழைத்து எழுவதற்குத்தான் பன்னிரண்டு மணி. பல்செட்டுக்காரர் குப்புற விழுந்தபடி முக்கால் மணி நேரம் கிடந்தார். பக்கத்தில் கிடந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பிணங்களுக்கு இலவசச் சொல் கிடையாது.

புகார் கொடுக்கலாம் என்று போனார். புகாரில் மூன்று வகை இருந்தது. சாதாரணப் புகாரை யாரும் படிக்க மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிப் புகாரைப் படிப்பார்கள். தங்கப் புகாரைப் படித்துவிட்டு வருத்தப்படுவார்கள். பல்செட்டுக்காரர் ஒரு கீழ்த்தாடைக்கு வாங்கும் கூலியைக் கொடுத்துத் தங்கப் புகாராகவே எழுதினார். "ஐயா, நான் என் அக்காவோடு பேச வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்."

மறுநாளே பதில் வந்தது. "படித்தோம். வருந்தினோம். எங்கள் வருத்தத்தின் படம் இத்துடன் உள்ளது." படத்தில் நீள மேஜையைச் சுற்றி ஆறு பேர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசையில் இடது கோரைப்பல் ஆடுகிறது, சீக்கிரம் கவனிக்க வேண்டும் என்று பல்செட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவின் விலை ஒன்பது மணியாக ஏறியிருந்தது. அவர் சாதாரணமாகக் கோபப்படாத மனிதர். மாவு இறுகும்வரை காத்திருந்து பழகியவர். ஆனால் அன்றைக்கு ஏதோ ஒன்று அறுந்தது. "போடா, நான் வரல" என்று காவலனிடம் சொல்லிவிட்டு, கோட்டைக்கு வெளியே வாசலிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். திரையில் எண் குறையவில்லை. சந்தேகத்தோடு எழுந்தார். அதற்கும் குறையவில்லை. கீழே பார்த்தார், கறுப்பாக, கொழுகொழுவென்று, அவருடைய நிழல் கிடந்தது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வாசலுக்கு வெளியே இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கவில்லை என்பது கம்பெனியின் எண்ணம். ஆரம்பிக்காத ஆட்டத்துக்கு விலை போட எந்தத் துறைக்கும் தோன்றவில்லை.

மதிலுக்கு மேலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். அவர் கையைக் காட்டி வா வா என்றார். வெளியே வந்தவள், பழக்க தோஷத்தில், "என்ன?" என்று ஒரே சொல்லில் கேட்டாள்.

"அக்கா, இங்கே பேசலாம். எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள். அத்தானின் நெஞ்சு வலி வெறும் வாயுத் தொல்லை என்பதில் ஆரம்பித்து, பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு பிள்ளை பூனைக்குட்டியைப் பையில் வைத்துக் கொண்டுவந்தது, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தள்ளிக் கட்டுவது, ஆறு வாரமாக அடைத்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. அரை மணி கழித்து தபால்காரர் தத்தித் தத்தி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

அந்த இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. சாம்பல் நிறத் தரை, பாதியில் விட்ட ஒரு குட்டிச்சுவர், அவ்வளவுதான். ஆனாலும் கூட்டம் சேர்ந்தது. நாலு நாற்பதாயிற்று, நாற்பது நானூறாயிற்று. தபால்காரருடைய இடது ஜோடுகளை வைத்து யார் தூரமாக எறிகிறார்கள் என்று போட்டி நடந்தது. யாரிடம்தான் இடது ஜோடு இல்லை? இரண்டு மாதத்தில் வாசலில் நாற்பதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவலன் மட்டும், "நுழைவது இலவசம், நுழைவது இலவசம்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் இரண்டாவது கடிதம் வந்தது. 'வாசல் சமூகத்தின் நிறுவனர் அவர்களுக்கு' என்று விலாசம் போட்டிருந்தது. தலைமையகத்துக்கு வந்து கலந்துரையாடும்படியும், விருப்பமானால் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரும்படியும் எழுதியிருந்தார்கள்.

"நான் என்னத்தை நிறுவினேன்? உட்கார்ந்தேன்" என்றார் மனைவியிடம்.

"நிறுவினவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. போயிட்டு வாங்க. அக்காவைக் கூட்டிட்டுப் போங்க."

அக்கா பஸ்ஸுக்கு மாற்று டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு வந்தாள். மூன்று வருஷம் கழித்து இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது தலைமையகம் இருந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனில்தான். கோடரி இல்லாத அக்கா ஐந்தடி கூட இல்லை. கையில் ஒரு தோள்பை, மூக்கில் கண்ணாடி.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

அதற்குப் பிறகு இருவரும் டாக்ஸியில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கம்பெனி தன் கொள்கைகளைத் தன் வீட்டிலும் கடைப்பிடித்தது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். வரவேற்பறையில் காபி இலவசம். கோப்பை இலவசம் அல்ல. ஓர் ஊழியர் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் யோசனையோடு நின்றிருந்தார். லிப்ட் மேலே போவது இலவசம். அதனால் மேல் மாடியில் எல்லாத் துறைக்காரர்களும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மகிழ்ச்சித் துறை இயக்குநர் ஒல்லியாக, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். முன்பல் இரண்டும் கட்டின பல், நல்ல கை வேலை என்று பல்செட்டுக்காரர் பார்த்த உடனே கண்டுகொண்டார். நீள மேஜையைச் சுற்றி அதிகாரிகள். சுவரில் பெரிய திரை: கோட்டைக்கு உள்ளே 11 பேர், வெளியே 41,306 பேர்.

"அந்தப் பதினொண்ணுல ஒன்பது நம்ம ஸ்டாஃப் சார்" என்றார் ஓர் அதிகாரி. "மீதி ரெண்டு பேர் கம்ப்யூட்டரை அணைக்க மறந்தவங்க."

இயக்குநர் கையமர்த்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எங்களைப் பத்தி வெளியில ஒரு தப்பான எண்ணம் இருக்கு. நாங்க பணத்துக்காக எதையும் செய்யறதில்ல. மகிழ்ச்சிக்காகத்தான் செய்யறோம். ஆனா மகிழ்ச்சியை அளக்கணுமில்லையா? அதைப் பணத்தாலதான் அளக்க முடியும். ஒருத்தர் காசு கொடுக்காமலே மகிழ்ச்சியா இருந்தார்னா, குழாய் எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

"முன்னாடி என்ன பண்ணீங்க? மாசம் ஒரு தடவை சந்தாவைக் கட்டிட்டு எங்களை மறந்துட்டீங்க. எவ்வளவு மனசு கஷ்டப்பட்டிருப்போம். இப்ப ஒவ்வொரு நிமிஷமும் எங்களை நினைக்கிறீங்க. இதுதான் உறவு. நிழலுக்கு விலை வச்ச அன்னிக்கு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இத்தனை வருஷமா அது சும்மா விழுந்துக்கிட்டு இருந்திருக்கு, யாருமே கவனிக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, விஷயத்துக்கு வர்றேன். வாசல்ல அப்படி என்ன வசதி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் பல்செட்டுக்காரர்.

இயக்குநர் தாளில், 'ஒன்றுமில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"உள்ளே ஏன் நம்மகிட்ட இது இல்ல?"

"உள்ளே எல்லாம் இருக்கு சார்" என்றார் ஓர் அதிகாரி குற்ற உணர்வோடு.

"அப்ப ஒண்ணும் இல்லாததுக்குத்தான் இன்னிக்கு மார்க்கெட். நாற்பத்தோராயிரம் பேர். வாசலைச் சுத்தி வேலி போடுங்க. உட்கார, நிற்க, பேச, எல்லாத்துக்கும் விலை போடுங்க."

பல்செட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். "சார், தயவு பண்ணி அதை மட்டும்" என்று ஆரம்பித்தார். மேஜைக்கடியில் அவருடைய கணுக்காலில் ஓர் உதை விழுந்தது. பாதி வாக்கியத்தில் நின்றார்.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்குச் சில விஷயங்கள் தெரியும். ஜன்னலோரம் உட்காராதே என்றால் நாற்பது பிள்ளைகளும் ஜன்னலோரம்தான் உட்காரும். முன்சீட்டு நல்ல பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் அடித்துக்கொண்டு முன்னால் வரும். அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"சார் சொல்றது ரொம்பச் சரி. வாசல்தான் சார் பெரிய இடம். ஆனா நீங்க ஒரு தப்புப் பண்றீங்க, சொல்லலாமா?"

"சொல்லுங்க மேடம்."

"உள்ளேயும் காசு, வெளியேயும் காசுன்னா, வெளியே நிக்கறவனுக்கு என்ன சார் மரியாதை? காசு கொடுக்கறவனுக்கு யாரையாவது பார்த்து 'ஐயோ பாவம்'னு சொல்லணும் சார். அதுக்கு ஓர் ஓசிக் கூட்டம் வேணும்."

இயக்குநர் முன்னால் சாய்ந்தார்.

"உள்ளே எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க" என்றாள் அக்கா. "கதவு, நிழல், பேச்சு, கோடரி, ஜோடு, ஒண்ணுத்துக்கும் காசு கிடையாது. சும்மா வர்ற ஜனம் உள்ளே போய் அடைஞ்சு கிடக்கட்டும். வெளியே நிக்க வசதி உள்ளவன் மட்டும் நிக்கட்டும். 'நான் உள்ளே போறவன் இல்ல'ன்னு அவன் சொல்லிக்கலாமே சார். அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் கொடுப்பான்."

இயக்குநர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் நின்றார். திரும்பியபோது பேனா கையில் தயாராக இருந்தது. "எவ்வளவு போடலாம்?"

"மணிக்கு நூறு மணி" என்றாள் அக்கா.

"மேடம் எந்த காலேஜ்ல படிச்சீங்க?"

"பஸ் ஓட்டறேன் சார்."

"போக்குவரத்து நிர்வாகம்" என்று எழுதிக்கொண்டார் இயக்குநர்.

வெளியே வந்ததும் பல்செட்டுக்காரர் நடைபாதையில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவினார். "அக்கா, அவங்க நிஜமாவே செஞ்சிடுவாங்களா?"

"செய்வாங்க. நல்ல யோசனைன்னு சொன்னா சந்தேகப்படுவாங்க. அடுத்தவனை மட்டம் தட்டலாம்னு சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க."

"மூஞ்சியில ஒண்ணையுமே காட்டலியே நீ."

"பூனைக்குட்டியைக் கையில வச்சுக்கிட்டு, 'என்கிட்ட ஒண்ணும் இல்ல மிஸ்'னு சொல்ற பிள்ளைங்களைத் தினம் பார்க்கறேன். எனக்குக் கத்துக்க எவ்வளவு நேரமாகும்?"

பல்செட்டுக்காரர் சிரித்தார். அவள் சிரித்தாள். ஸ்டேஷனில் அவளுடைய ரயில் வந்தது, நின்றது, போனது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததில் அது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ரயிலைத்தான் பிடித்தாள், அதையும் ஓடிப்போய்.

மூன்றாவது கடிதம் பத்தே நாளில் வந்தது. கோட்டைக்கு உள்ளே இருக்கும் 'எளிய பகுதி'யில் கட்டணங்கள் அனைத்தும் நீக்கப்படுவதாகவும், தகுதியுள்ள வீரர்களுக்காக வெளியே 'தங்க வாசல்' திறக்கப்படுவதாகவும் அதில் அறிவித்திருந்தார்கள். தங்க வாசலில் நிற்பவர்களுக்கு அடையாளமாகத் தலையில் தங்கத் தொப்பி ஒன்றும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பதாயிரம் பேரும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே போனார்கள். தபால்காரருக்கு வாசற்படியிலேயே வலது கால் ஜோடு சும்மா கிடைத்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கோட்டையை இரண்டு சுற்று ஓடினார். டிராகன் மெத்தையைப் பற்றிக் கேட்காமல் உடனே எரித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கம்பெனிக்கும் நஷ்டமில்லை. தங்க வாசலில் நிற்க உலகெங்கும் முந்நூறு பேர் கிடைத்தார்கள். மணிக்கு நூறு மணி கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு, உள்ளே போகிறவர்களைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள். முதல் மாத வரவு, பழைய சந்தாவெல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். இயக்குநருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிக்கொள்ள முடியாததால் அந்த முந்நூறு பேருக்கும் மெல்ல மெல்லச் சலிப்புத் தட்டியது. முந்நூறு முப்பதாயிற்று. பிறகு மூன்று. வாசல் காலியாக இருந்தால் கம்பெனியின் மானம் என்னாவது என்று இயக்குநரே ஞாயிற்றுக்கிழமை தோறும் தொப்பி வைத்துக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்.

ஒருநாள் அக்காவும் தம்பியும் தபால்காரரும் மதில் மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் புதிதாக நடைப்பயிற்சிக்குப் போகத் தொடங்கி, முதல் நாளே வழி தவறிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்ட கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே இயக்குநர் தனியாக நின்றிருந்தார். மேலே பார்ப்பார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அத்தானைப் பக்கத்து ஊர் நாய்கள் துரத்திய கட்டம் வந்தபோது அவரால் முடியவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

"மேலே வாங்க சார், சொல்றேன். கதவு திறந்துதான் கிடக்கு."

இயக்குநர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் வந்துட்டா இங்கே யார் நிக்கறது?"

ஒரு மனிதருடைய உத்தியோகத்தைப் பற்றிச் சட்டென்று என்ன சொல்ல முடியும்?

இயக்குநர் தொப்பியைக் கழற்றினார். பாதியில் விட்ட அந்தக் குட்டிச்சுவர் மேல் அதை வைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நிற்பதுபோலத் தெரிகிறதா என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து சரிபார்த்தார். திருப்தி வந்ததும், வெறுந்தலையோடு, கதவைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்.

மதில் மேல் அக்கா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.